கட் அண்ட் பொலிஷுக்குக் குடுக்கிறதுக்கு முன்னால

காருக்குக் கட் அண்ட் பொலிஷ் செய்வதை முகத்துக்குப் பவுடர் பூசுற மாதிரி ஒரு வேலை என்றுதான் எங்கட ஆக்களில் பலர் நினைக்கினம். கலியாணம் வருதா, ஒரு கட் அண்ட் பொலிஷ். கோயில் திருவிழாவா, இன்னொன்று. விற்கப் போறமா, கட்டாயம் ஒன்று. ஆனால் அந்தப் பெயரிலேயே விசயம் இருக்கு: கட். பவுடர் பூசுவதைவிட இது சவரத்துக்குக் கிட்டின வேலை. ஒரே வித்தியாசம், சவரம் செய்த தாடி திரும்ப முளைக்கும்.

இதை இவ்வளவு பெரிசாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால், ஷோரூம் வாசலோடேயே திரும்பி வரவேண்டியதுதான். ஆகவே எங்கட ரோட்டில் ஓடுற விட்ஸ், அல்ட்டோ, வாகன் ஆர், அக்சியோ, அக்குவா எல்லாம் பத்து வயசைத் தாண்டினாலும் இன்னும் பல வருசம் ஓடத்தான் போகுது. அதில் இருக்கிற கொம்பனி பெயின்ற்தான் அதுக்குக் கிடைத்த ஒரே கொம்பனி பெயின்ற். பழைய கார் வாங்கப் போறவர் முதல் கேட்கிற கேள்விகளில் ஒன்று, "ஒரிஜினல் பெயின்றோ?" அந்த ஒரிஜினலைத்தான் நாங்கள் வருசத்துக்கு ரெண்டு தரம் தேய்த்துத் துடைத்து எறியிறம்.

முதல்ல அந்தக் கீறல் என்னவென்று பார்ப்பம். கறுப்புக் காரொன்றில் ரோச் லைட்டை அடித்துப் பாருங்கோ. வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். ஸ்வேர்ல் மார்க் என்று சொல்வது அதைத்தான். நான் சுழிக்கீறல் என்கிறேன். யாரோ வட்டமாகத் தேய்த்ததால் வந்தது என்று எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் ரோச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகருது பாருங்கோ. கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்குது. வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடக்கிறது மட்டும் கண்ணுக்கு மின்னுது, அதனால் வட்டமாகத் தெரியுது. வீட்டில் நாள்ப்பட்ட சில்வர் தட்டொன்றைப் பல்புக்குக் கீழே பிடித்தாலும் இதே கூத்துத்தான்.

இந்தக் கீறல்கள் இருப்பது நிறத்தில் இல்லை. நிறத்துக்கு மேலே அடித்திருக்கிற கிளியர் கோட் என்ற நிறமில்லாத படையில். அது ஏறக்குறைய 35 இலிருந்து 50 மைக்ரோன் தடிப்பு. தலைமயிர் ஒன்றின் தடிப்பே சுமார் 70 மைக்ரோன். அதாவது வெயிலுக்கும் மழைக்கும் உப்புக் காற்றுக்கும் உங்கட காரைக் காக்கிற கவசம் ஒரு மயிரைவிட மெல்லிசு. பொலிஷ் செய்யிறது கீறலை நிரப்பி மூடுற வேலை இல்லை. கீறலின் அடி மட்டத்துக்குச் சுற்றியிருக்கிற கிளியர் கோட்டை இறக்குற வேலை. கவனமாகச் செய்தால் ஒன்றிரண்டு மைக்ரோன் போகும். கண்மூடித்தனமாகச் செய்தால் அதைவிட நிறைய. கிளியர் கோட் மெலிய மெலிய வெயில் உள்ளே இறங்கும். பொனட்டிலும் கூரையிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்து, வெயிலில் எரிந்த தோல் மாதிரி உரிந்துபோன கார்களைக் கண்டிருப்பீர்கள். அந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தப் போத்தலும் உதவாது. திரும்பப் பெயின்ற் அடிக்கிற செலவுதான்.

ஆகவே பொலிஷ் போத்தல் வாங்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி, இது வெட்டுமா, நிரப்புமா? கடையில் எல்லாமே 'பொலிஷ்' என்ற ஒரே பெயரோடு ஒரே தட்டில் இருக்கும். ஆனால் மூன்று நாலு வேறு வேறு சாமான்கள் அவை. கொம்பவுண்ட் என்பது வெட்டுறது; கண்ணுக்குத் தெரியாத அரைக்கும் துகள் அதில் கூட. ஃபினிஷிங் பொலிஷ் அதே வேலையை மிக மென்மையாகச் செய்யும். கிளேஸ் என்பது எண்ணெய்ப் பசையால் கீறலை நிரப்பி மறைக்கிறது. நாலைந்து கழுவலில் போய்விடும். வக்ஸ் மேலே பூசுற காவல், கீறலை எடுக்காது. இங்கிலாந்துச் சொந்தங்கள் கொண்டு வருகிற ஓட்டோகிளிம் சுப்பர் ரெசின் பொலிஷ் கொஞ்சம் துப்புரவாக்கி, கொஞ்சம் நிரப்பி, மினுக்கமும் குடுக்கும். கெட்ட சாமான் இல்லை. ஆனால் "பூசினன், கீறல் எல்லாம் போட்டுது" என்று ஆரும் சொன்னால் நம்பாதீர்கள். போகவில்லை, ஒளிஞ்சிருக்கு.

கனடாவில் இருந்து வாற மாமாவின் சூட்கேசில் அனேகமாக வருவது மெக்வையர்ஸ் அல்ட்டிமேட் கொம்பவுண்ட். கையால் தேய்க்கக்கூடிய கொம்பவுண்டுகளில் நம்பிக்கையானது என்று துணிந்து சொல்லுவேன். அதே கொம்பனியின் எம் 105, எம் 205 இரண்டும் மெஷின் வேலை செய்கிறவர்களுக்கு. 105 பலமாக வெட்டும், 205 கடைசி மெருகுக்கு. ஜேர்மனியின் மென்செர்னாவில் 400 என்றால் கடும் வெட்டு, 3500 என்றால் மெருகு. நம்பர் கூடக் கூட மென்மை. மெக்வையர்ஸிலும் இங்கேயும் கூடின நம்பர் மென்மையாக இருக்குது என்பதற்காக எல்லாக் கொம்பனிக்கும் அதை விதியாக எடுக்காதீர்கள், சிலதில் நம்பர் வெறும் பெயர்தான். த்ரீ எம் பேர்ஃபெக்ட்-இட் வரிசையில் மூடியின் நிறத்தைப் பார்த்தால் போதும்: பச்சை மூடி கூட வெட்டும், மஞ்சள் அதைவிடக் குறைய, நீலம் கடைசிக் கட்டம்.

இதில் எதை வாங்கிறது? என்ட கருத்து ஒன்றுதான், அதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுறன்: வேலை செய்யக்கூடியதில் ஆகப் பலவீனமானதை வாங்குங்கோ. கடைக்காரர் எப்பவும் பலமானதைத்தான் நீட்டுவார், ஏனென்றால் "கீறல் போகேல்லை" என்று ஆரும் திரும்பி வரக்கூடாது. கிளியர் கோட் மெலிஞ்சு போச்சு என்று திரும்பி வர உங்களுக்கு நாலு வருசம் எடுக்கும், அப்ப அந்தப் போத்தலின் பெயரே ஞாபகம் இருக்காது.

செய்து பார்க்கிற முறையும் சிக்கல் இல்லை. காரை நல்லாக் கழுவி உலர்த்தி, பொனட்டில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றை மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிரியுங்கோ. மெல்லிய ஸ்பொஞ்ச் பேட்டில் ஃபினிஷிங் பொலிஷ் ஒரு கடலை அளவில் மூன்று நாலு பொட்டு. தேய்த்துத் துடைத்த பிறகு தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் அற்ககோலால் ஒருக்கால் துடைத்து, ரோச் அடித்துப் பாருங்கோ. அற்ககோல் எதற்கென்றால், எண்ணெய் நிரப்பி மறைத்ததையெல்லாம் அது கழற்றிக் காட்டிவிடும். முக்கால்வாசிக் கீறல் போயிருந்தால் அதோடு நிறுத்தலாம். போகாவிட்டால் முதலில் பேட்டை மாற்றுங்கோ, கொஞ்சம் கடினமான ஸ்பொஞ்சுக்கு. அதுக்கும் சரிவராவிட்டால்தான் போத்தலை மாற்றவேணும். ஒரே பொலிஷ் மெல்லிய ஸ்பொஞ்சில் ஒரு வேலையும், கம்பளிப் பேட்டில் முற்றிலும் வேறு வேலையும் செய்யும். இதைக் கவனிக்காமல் போத்தலைப் பற்றி மட்டும் சண்டை பிடிக்கிற ஆக்கள்தான் கூட.

நகத்தால் வருடிப் பார்க்கும்போது நகம் தடக்குதா? அப்ப அது சுழிக்கீறல் இல்லை, ஆழமான கீறல். அதை முழுசாக எடுக்கப் போனால் கிளியர் கோட்டும் சேர்ந்து போய்விடும். விட்டுவிடுங்கோ.

இன்னொன்று. ரொயோட்டாவின் சுப்பர் வைற், 040 என்ற நிறம், பல கார்களில் கிளியர் கோட் இல்லாமலே வந்தது, நிறமே மேல்படை. தேய்க்கும்போது பேட் வெள்ளையாக மாறினால் பயப்படவேண்டாம், ஆனால் என்ன கழன்று வருது என்று விளங்கிக்கொள்ளுங்கோ. வெள்ளைக் காரில் சுழிக்கீறல் வெறுங்கண்ணுக்குத் தெரிவதே இல்லை. தெரியாத கீறலுக்கு ஏன் பெயின்றைக் குடுக்கிறீர்கள் என்பது என்னுடைய கேள்வி. கறுப்புக் கார் வைத்திருக்கிறவர்களின் பாடு வேறு. ரொயோட்டாவின் 202 கறுப்பு, துணி பட்டாலே கீறுற அளவுக்கு மெதுமையானது என்று பெயர் எடுத்தது. ஆனால் மெதுமையான பெயின்றில் கீறல் லேசாக வருவது மாதிரி லேசாகப் போகவும் செய்யும். அதுக்குப் போய்ப் பச்சை மூடியைத் திறக்கத் தேவையில்லை.

மெஷினைப் பற்றியும் சொல்லவேணும். ரோட்டரி என்பது ஒரே அச்சில் சுத்துறது. கெதியாக வெட்டும், கெதியாகச் சூடேறும், விளிம்புகளில் ஒரு நிமிசம் கூட நின்றால் பெயின்ற் எரிந்து நிறம் தெரியும். டூவல் அக்ஷன் என்பது சுத்திக்கொண்டே ஆடுறது. மெதுவானது, பழகுகிறவர்களுக்குப் பாதுகாப்பானது. அனேகமான இடங்களில் ரோட்டரியும் கம்பளிப் பேட்டும் கரடுமுரடான கொம்பவுண்டும்தான். பெயின்ற் அடித்துத் தாள் போட்ட பிறகு உரஞ்சுவதற்கென்று செய்த ரப்பிங் கொம்பவுண்டை, நல்லா இருக்கிற கொம்பனி பெயின்றில் போடுகிறவர்களும் இருக்கினம். பிறகு மேலே கிளேஸ் பூசி, நிழலில் நிறுத்தி, சாவியைத் தருவார்கள். பளபளவென்று இருக்கும். ரெண்டு கிழமையில் வெயிலுக்குள் பார்த்தால் பொனட்டில் வில்லு வில்லாக, ஆளுக்கேற்ற மாதிரி ஆடுற கோடுகள். ஹோலோகிராம் என்பது அதைத்தான். பழைய கீறலை எடுத்துப் புதுக் கீறல் போட்டதற்குக் காசும் குடுத்திருக்கிறம்.

இதில் அந்தப் பெடியன்களை மட்டும் பேசிப் பயனில்லை. காரைக் குடுக்கும்போது நாங்கள் கேட்கிறது, "எத்தினை மணிக்கு முடியும், எவ்வளவு?" இந்த ரெண்டு கேள்விக்கும் நல்ல பதில் ரோட்டரியும் கம்பளியும்தான். முழுக் காரையும் ஒழுங்காகச் செய்ய ஒரு நாள் வேணும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று கார் முடிக்கவேண்டிய ஒரு பெடியன், முகத்துக்கு மாஸ்க் கூட இல்லாமல், வேறு எதைத் தேர்ந்தெடுப்பான்?

பற்பசை வித்தைக்காரர்களுக்கு ஒரு வரி: பற்பசையிலும் அரைக்கும் துகள் இருக்கு, அதனால் கொஞ்சம் வேலை செய்யுற மாதிரித் தெரியும். பல்லுக்கென்று அளந்த துகள் அது. செராமிக் கோட்டிங் ஆசைக்காரர்களுக்கு ரெண்டு வரி: கோட்டிங் கீறலை எடுக்காது, இருக்கிற கீறலை உள்ளே வைத்து மூடிவிடும். '9எச்' என்று விளம்பரத்தில் போடுகிறது பென்சில் கடினத்தின் அளவு, வைரத்தின் அளவு இல்லை.

சரி, கீறல் வாறது எங்கேயிருந்து? இதைத்தான் ஒருத்தரும் பேசுறதில்லை. காலையில் வேலைக்குப் போகமுதல், பழைய சேட்டை எடுத்துத் தூசி தட்டுறது. அந்தத் தூசி வெறும் தூசியா? மணல். ஒவ்வொரு நாளும் தாளால் உரஞ்சுகிறோம். ஒரே வாளியில் சேற்றுத் துணியைத் திரும்பத் திரும்ப முக்கிக் கழுவுறது இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் இதுக்கு மேலே கிணற்றுத் தண்ணீர். சுண்ணக்கல்லுக்குள்ளால் வாற தண்ணீர், வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் பொட்டு விழும். அந்தப் பொட்டைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்கிற ஒவ்வொரு தரமும் சுழிக்கீறல்தான். வெள்ளை வினாகிரியைத் தண்ணீரில் கலந்து நனைத்தால் பொட்டு கரையும். பிறகு நல்லாக் கழுவிவிட வேணும். முதலில் தண்ணீரை அடித்து மணலைப் போக்கி, ஷாம்புக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி, காய்வதற்கு முன் மைக்ரோஃபைபர் துவாயால் ஒற்றி எடுப்பது. ரெண்டு வாளிக்கும் ரெண்டு துவாய்க்கும் ஆகிற செலவு ஒரு கட் அண்ட் பொலிஷின் செலவில் கொஞ்சம்.

"இதெல்லாம் காசு இருக்கிற வீட்டுப் பிள்ளையளின்ட பொழுதுபோக்கு" என்று ஒரு நண்பர் சொன்னார். பாதி சரி. யூடியூப் பார்த்து ஏழு போத்தல் வாங்கி அடுக்கி வைக்கிறது பொழுதுபோக்குத்தான். ஆனால் அப்பா லோன் எடுத்து வாங்கின அல்ட்டோவை இன்னும் பத்து வருசம் ஹயருக்கு ஓட்டவேண்டிய வீட்டில், மினுக்கத்துக்காகப் பெயின்றைக் கரைப்பது பொழுதுபோக்கைவிட விலை கூடின பழக்கம். பத்து வருசக் காரில் சுழிக்கீறல் இருப்பது வெட்கமும் இல்லை. அரைவாசிக் கார்களுக்கு நான் சொல்லக்கூடிய சிறந்த பொலிஷ், ஒன்றும் பூசாமல் ஒழுங்காகக் கழுவி ஒரு வக்ஸ் போட்டு விடுவதுதான்.

அதுக்குப் பிறகும் கடைக்குக் குடுக்கத்தான் போறீர்கள் என்றால், விலையைக் கேட்கமுதல் மூன்றைக் கேளுங்கோ. என்ன போத்தல், காட்டுங்கோ. என்ன பேட், கம்பளியோ ஸ்பொஞ்சோ. பெயின்ற் தடிப்பு அளக்கிற மீற்றர் வைச்சிருக்கிறீங்களோ, கூரையையும் பொனட்டையும் முதல்ல அளப்பமோ? மூன்றாவது கேள்விக்குச் சிரித்தால் சாவியைக் கையிலேயே வைத்திருங்கோ.