பந்திக்கு முந்துறவனுக்குத்தான் டாக்டர் சீட்டா?

அமெரிக்காவுல மெடிக்கல் காலேஜ் அட்மிஷன் பத்திப் பேச்சு வந்தாலே நம்மாளுங்க ஜிபிஏ எவ்ளோ, எம்கேட்ல எத்தனைன்னுதான் கேப்பாங்க. ரெண்டும் முக்கியம்தான், இல்லேங்கல. ஆனா மூணாவதா ஒரு மார்க் இருக்கு. அதுக்குப் பரீட்சை கிடையாது, சிலபஸ் கிடையாது. விண்ணப்பம் முழுசாப் போய்ச் சேர்ந்த தேதிதான் அந்த மார்க். இந்த ஏற்பாட்டுக்கு அவங்க வச்சிருக்கிற பேரு 'ரோலிங் அட்மிஷன்'. பேரு என்னவோ அழகாத்தான் இருக்கு. எனக்குத்தான் பயங்கரக் கடுப்பு. ஏன்னு சொல்றேன், கேட்டுட்டு அப்புறமாத் திட்டுங்க.

மொதல்ல இது எப்படி நடக்குதுன்னு பாத்துடுவோம். அங்க நாலு வருஷ டிகிரிக்கு அப்புறம்தான் மெடிக்கல். பெரும்பாலான எம்.டி. காலேஜுகளுக்கு 'ஆம்காஸ்'னு ஒரே பொது விண்ணப்பம். மே கடைசி, ஜூன் தொடக்கத்துலேர்ந்து அனுப்பலாம். நீங்க படிச்ச ஒவ்வொரு பாடத்தையும் டிரான்ஸ்கிரிப்டோட ஒப்பிட்டு சரிபார்ப்பாங்க. கூட்டம் குவியுற நேரத்துல அதுக்கே ஆறு வாரம் வரைக்கும் ஆகலாம். ஜூன் கடைசியில காலேஜுகளுக்கு ஃபைல் போக ஆரம்பிக்கும். அப்புறம் ஒவ்வொரு காலேஜும் 'செகண்டரி'ன்னு தனியாக் கட்டுரைக் கேள்வி அனுப்பும், அதுக்குத் தனியா ஃபீஸ் வேற. ஆகஸ்ட், செப்டம்பர்லேர்ந்து இன்டர்வியூ. அக்டோபர் 15-லேர்ந்து சீட் கொடுக்கலாம்.

இப்போ கடைசித் தேதியைப் பாருங்க. பல காலேஜுக்கு அது நவம்பர்ல இருக்கு! அதாவது வாசல்ல நின்னு "வாங்க, வாங்க"ன்னு பன்னீர் தெளிச்சுக்கிட்டே இருக்காங்க, உள்ள முதல் பந்தி சாப்பிட்டு முடிச்சு வெத்தலை போட்டுக்கிட்டு இருக்கு. நவம்பர்ல வர்றவனுக்கும் இலை போடுவாங்கதான். என்ன மிச்சம் இருக்கும்கிறதுதான் கேள்வி. ஆனா ஃபீஸ்ல மட்டும் ஒரு டாலர் குறைக்க மாட்டாங்க.

நம்மூர் கவுன்சிலிங்கை எவ்வளவோ திட்டுறோம். ஆனா விண்ணப்பத்தை முதல் நாள் போட்டாலும் சரி, கடைசி நாள் போட்டாலும் சரி, ரேங்க் அதே ரேங்க்தான். கடைசித் தேதின்னா கடைசித் தேதி. அங்க அப்படி இல்ல.

ரெண்டு பிள்ளைங்களை எடுத்துக்குவோம். ஒரே ஜிபிஏ, ஒரே எம்கேட் ஸ்கோர். முதல் பிள்ளைக்கு அப்பா அம்மாவே டாக்டர்ஸ். என்னிக்கு என்ன செய்யணும்னு வீட்டுலயே தெரியும். ஜனவரியில எம்கேட் எழுதியாச்சு, ஜூன் முதல் வாரம் விண்ணப்பம் போயாச்சு. ரெண்டாவது பிள்ளை வேலை பாத்துக்கிட்டே படிக்குது. லீவு விட்டாத்தான் எம்கேட்டுக்குப் படிக்க முடியும். ஆகஸ்ட்ல எழுதினா ரிசல்ட் வர ஒரு மாசம். ஃபைல் முழுசா ஆக செப்டம்பர் கடைசி. இந்தப் பிள்ளையோட ஃபைலை எடுக்கும்போது முதல் பிள்ளை இன்டர்வியூவே முடிச்சிருக்கும். ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் திறமையா, உழைப்பா? வீட்டுல யாருக்கு விவரம் தெரியும்கிறது மட்டும்தானே?

காசு விஷயமும் இருக்கு. முதல் காலேஜுக்கு 175 டாலர், அதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் 40 டாலருக்கு மேல. 20 காலேஜ் போட்டா செகண்டரி ஃபீஸுக்கு முன்னாடியே 1,000 டாலரைத் தாண்டிடும். வசதி இல்லாதவங்களுக்கு உதவித் திட்டம் இருக்கு, 20 காலேஜ் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. நல்ல விஷயம். ஆனா அனுப்புறதுக்கு முன்னாடியே அந்த அனுமதியை வாங்கியிருக்கணும், அப்புறமாப் போய்க் கேட்டா திரும்ப வராது. பணம் இல்லாதவன் மொதல்ல பணம் இல்லன்னு நிரூபிச்சுட்டு, அப்புறம் ரேஸுக்கு வரணும். ரேஸு அதுக்குள்ள தொடங்கிடும்.  போதாக்குறைக்கு, விசாவுல இருக்கிற நம்ம ஹெச்4 பிள்ளைங்களுக்கு, வெளிநாட்டு மாணவர்னு பல காலேஜ்ல கதவே திறக்காது.

"அட, ஆயிரக்கணக்கான பேரை ஒரே வாரத்துலயா இன்டர்வியூ பண்ண முடியும்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2024-25-ல மட்டும் சுமார் 52,000 பேர் அப்ளை பண்ணி, 23,000 பேர் சேர்ந்தாங்க. இன்டர்வியூவை மாசக்கணக்கா நடத்துங்க சாமி, யாரு வேணாம்னா? முடிவை மட்டும் எல்லாரையும் பாத்துட்டுச் சொல்லுங்க. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி அப்படித்தான் செய்யுது, மார்ச்லதான் முடிவு. அவங்க ஒண்ணும் ஆள் கிடைக்காம காத்து வாங்கல.

"சீக்கிரம் அனுப்புறது ஒழுக்கம்தானே, டாக்டருக்கு அது வேணாமா?"ன்னு இன்னொரு வாதம். ஒழுக்கம்னா சொன்ன தேதிக்குள்ள முடிக்கிறது. சொல்லாத தேதியை மோப்பம் பிடிக்கிறதுக்குப் பேரு ஒழுக்கம் இல்ல.

இதுல பெரிய காமெடி என்னன்னா, இந்த வியாதிக்கு மருந்து கண்டுபிடிச்சதே இதே டாக்டருங்கதான். 1940-கள்ல அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பயிற்சி டாக்டர்களைப் பிடிக்க ஒருத்தரை ஒருத்தர் முந்தி, படிப்பு முடிய ரெண்டு வருஷம் இருக்கும்போதே வேலை கொடுக்க ஆரம்பிச்சாங்க. "உடனே பதில் சொல்லு"ன்னு நெருக்கடி வேற. நாறிப்போச்சு. 1952-ல 'மேட்ச்' கொண்டுவந்தாங்க. மாணவன் தன் விருப்பப் பட்டியலைக் கொடுப்பான், ஆஸ்பத்திரியும் கொடுக்கும், எல்லாத்தையும் சேத்து வச்சுக் கணக்குப் போட்டு ஒரே நாள்ல முடிவு. இந்தக் கணக்கை 1990-கள்ல திருத்தி அமைச்ச ஆல்வின் ராத்துக்கும், இதுக்கான தியரி போட்ட லாயிட் ஷாப்லிக்கும் 2012-ல பொருளாதார நோபல் பரிசே கொடுத்தாங்க. படிச்சு முடிச்சு வெளிய போறவனுக்கு நோபல் தரத்துல நியாயம், உள்ள வர்றவனுக்கு முண்டியடிக்கிற பந்தியா? டெக்சாஸ் மட்டும் சேர்க்கைக்கும் ஒரு மேட்ச் வச்சிருக்கு. அங்கயும் முன்கூட்டியே சீட் கொடுக்கிற பழக்கம் உண்டு, சுத்தமான தங்கம்னு சொல்லமாட்டேன். ஆனா செய்ய முடியும்கிறதுக்கு அது சாட்சி.

நான் கேக்குறது ரொம்பப் பெருசு இல்ல. முடிவை ஒரே நாள்ல சொல்லுங்க. முடியாதா, இன்டர்வியூ இடத்துல ஒரு பங்கைக் கடைசித் தேதிக்குள்ள வர்ற எல்லா ஃபைலுக்கும் ஒதுக்கி வைங்க. அதுவும் முடியாதா, போன வருஷம் எந்த மாசத்து ஃபைலுக்கு எத்தனை சீட் கொடுத்தீங்கன்னு இணையதளத்துல கடைசித் தேதிக்குப் பக்கத்துலயே போட்டுடுங்க. காசு கட்டுறவன் என்ன வாங்குறான்னு தெரிஞ்சு கட்டட்டும்.

அது வரைக்கும், அங்க பிள்ளைங்களை வச்சிருக்கிறவங்க ஒண்ணு பண்ணுங்க. இணையதளத்துல இருக்கிற கடைசித் தேதியை அழிச்சுட்டு ஜூன்னு காலண்டர்ல எழுதுங்க. ஏப்ரலுக்குள்ள எம்கேட், மே மாசத்துக்குள்ள டிரான்ஸ்கிரிப்ட், சிபாரிசுக் கடிதம் கேக்க அதுக்கும் முன்னாடி. முக்கியமா, இது தெரியாத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லுங்க. அந்தப் பிள்ளை நம்ம பிள்ளைக்குப் போட்டியாச்சேன்னு வாயை மூடிக்கிட்டா, நாமளும் பந்தியில இடம் பிடிக்கிற கும்பல்தான்.

அந்தப் பக்கம் படிச்சவங்க, படிக்க வச்சவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல வந்து சண்டை போடுங்க. கச்சேரியை வச்சுக்குவோம்.