மீமிசலின் ‘நல்ல தண்ணீர்’

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த மீமிசலிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தண்ணீருக்கு இரண்டே பெயர்கள்தாம்: உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர். உப்புக் கரிக்காத எதுவும் நல்ல தண்ணீரே. தமிழகக் கடலோரம் நெடுகிலும் வழங்கிவரும் பகுப்புதான் இது. ஆனால், குடிநீரின் தரத்தை இப்படி நாக்கிடம் முழுமையாக ஒப்படைத்துவிட்டது சரிதானா என்ற ஐயம் எனக்கு உண்டு. நாக்கு உப்பை அறியும், கிருமியை அறியாது.

உப்பை முதலில் பார்ப்போம். கடலோர மணலுக்குக் கீழே, மண்ணில் இறங்கிய மழைநீர் கனமான கடல்நீரின்மீது ஒரு படலமாக மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வகுக்கப்பட்ட கணக்கு. இதற்கு மறுபக்கமும் உண்டு. மோட்டார் வைத்து இறைத்து அந்த ஒரு மீட்டரைக் குறைத்துவிட்டால், கீழிருக்கும் உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் மேலேறி வந்துவிடும். ‘இன்னும் ஆழமாகத் துளையிடுவோம்’ என்ற உள்நாட்டு உபாயம் கடலோரத்தில் பலிக்காமல் போவதற்குக் காரணம் இதுவே.

நம் முன்னோர் ஆழம் போகாமல் மேலேயே தேக்கினார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் சீமைகளின் ஊருணிகள் குடிநீருக்கென்றே வெட்டப்பட்டவை. அவற்றில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு இருந்தது. கலங்கிய நீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசினார்கள். ஒப்புரவுக்கு வள்ளுவர் தேர்ந்த உவமையும் ஊருணிதான். (அந்த ஊருணியிலிருந்து எல்லாச் சாதியினரும் ஒருபோல நீர் எடுக்க முடிந்ததா என்று கேட்டால், பழம்பெருமையின் சுருதி சற்று இறங்கிவிடும்.)

நிலத்தடி நீர் கரிப்பதற்கு இயற்கை மட்டுமே பொறுப்பன்று. கடலோர இறால் பண்ணைகளால் குடிநீர்க் கிணறுகள் உப்பாகின்றன என்ற முறையீட்டை உச்சநீதிமன்றம் வரை கொண்டு சென்றவர் சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை, மரபுவழிப்பட்டவை நீங்கலாக, அகற்றுமாறு 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. பின்னர், 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைப் பதிவு செய்து நடத்தும் தொழிலாக்கியது. தொழிலை மூடச் சொல்வது என் நோக்கமன்று. பண்ணைக்கு அருகிலுள்ள கிணறுகளின் உப்பளவை ஆண்டுதோறும் அளந்து ஊராருக்குச் சொல்வதில் என்ன தடை என்றுதான் கேட்கிறேன்.

உப்புநீர் சுவைக் குறைவு மட்டுமன்று. வங்கதேசத்தின் டாகோப் கடலோரப் பகுதியில் நடந்த ஆய்வு, கர்ப்பிணிகளிடையே உயர் ரத்த அழுத்தம் மழைக்காலத்தைவிடக் குடிநீரில் உப்பு கூடும் வறண்ட காலத்தில் அதிகமாக இருந்ததைப் பதிவு செய்தது. நமது கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களும் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

இன்று புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் பல ஊர்களுக்குக் காவிரி நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களில் வருகிறது. திருச்சியிலிருந்து மீமிசல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இவ்வளவு தொலைவுக்கு ஆற்று நீரைக் கொண்டுவருவது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால், இந்த நீர் கரிப்பதில்லை; எனவே இது ‘நல்ல தண்ணீர்’ ஆகிவிடுகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நெடுந்தொலைவுக் குழாயில் நீர் விட்டு விட்டுத்தான் வரும். வராத நேரங்களில் அழுத்தம் குறைந்து, விரிசல்களின் வழியே சுற்றியிருக்கும் சாக்கடைக் கசிவு உள்ளே உறிஞ்சப்படும். வீட்டு இணைப்பில் மோட்டார் பொருத்தி இழுப்பவர்கள் இதை மேலும் மோசமாக்குகிறார்கள். காப்பு ஒன்றே: தொட்டியில் இடும் குளோரின் கடைசி வீட்டுக் குழாய் வரை சிறிதளவாவது எஞ்சியிருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அளவு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். பிளீச்சிங் பவுடரோ வெயிலிலும் ஈரத்திலும் வீரியம் இழக்கும் பொருள். வாய் திறந்து கிடக்கும் பழைய மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டால் கணக்கில் குளோரின் இருக்கும், நீரில் இருக்காது. சரியாகப் போட்டாலும் ‘மருந்து வாடை வருகிறது’ என்று ஊரார் சண்டைக்கு வருகிறார்கள். தொட்டி இயக்குபவர் என்ன செய்வார்? சொற்ப ஊதியம் பெறும் அவர், வம்பு வேண்டாம் என்று அளவைக் குறைத்துவிடுகிறார்.

வசதியுள்ளோர் கேன் தண்ணீருக்குப் போய்விட்டார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 நவம்பரில் புட்டிக் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகைகளில் சேர்த்திருக்கிறது. இருபது லிட்டர் கேன் எத்தனை முறை, எப்படிக் கழுவப்பட்டது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. சுவை மட்டும் இனிக்கிறது.

நீண்ட ஆயுள் என்றதும் சிறுதானியம், நடைப்பயிற்சி என்று பேசுகிறோம். மக்களின் சராசரி ஆயுள் கூடியதில் பெரும்பங்கு, பிறந்த குழந்தைகள் சாகாமல் பிழைத்ததற்கு உரியது. நீரைச் சுத்திகரிப்பதால் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்டோரின் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதாக, நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் மைக்கேல் கிரெமரும் குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டுள்ளனர். இவ்வளவு மலிவான வேறு மருத்துவம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆயினும், நாம் எண்ணுவது குழாய்களைத்தான். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஊரக வீடுகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. 2024-க்குள் முடிய வேண்டியது 2028 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. அறிவிப்புகளில் முன்னிற்பது இணைப்புகளின் எண்ணிக்கையே. ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியளித்துக் களப் பரிசோதனைப் பெட்டி கொடுக்க வேண்டும் என்றும் அதே திட்டத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த ஐவர் யார் என்று எத்தனை ஊர்களில் சொல்ல முடியும்?

சோதனை இல்லாத இடத்தில் நோய்தான் சோதனையாகிறது. இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில், பட்டியலின மக்களுக்கான மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. அதன் சாதிப் பின்னணியும், வழக்கு விசாரணை மீதான விமர்சனங்களும் தனியே விவாதிக்க வேண்டியவை. நான் இங்கே சொல்ல விரும்புவது ஒன்றுதான்: குழந்தைகள் நோயுற்ற பிறகே தொட்டியை ஏறிப் பார்த்தார்கள்.

கடைசி வீட்டுக் குழாயில் பிடித்த நீரில் சில துளி வேதிக்கரைசலைவிட்டு நிறம் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அந்த எண்ணை நாள்தோறும் நியாயவிலைக் கடைச் சுவரில் ஒரு கரும்பலகையில் எழுதலாம். மாதம் ஒருமுறை உப்பளவையும் சேர்க்கலாம். புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றபோது, இப்படிக் கேள்வி கேட்கும் இடமும் சுருங்கியது. ஆனால், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாளும்கூட. அன்று வரவு செலவுக் கணக்கோடு, ஓராண்டுக் குளோரின் அளவுகளையும் வாசிக்குமாறு மீமிசல் மக்கள் கேட்கலாம். குறித்து வைக்கவில்லை என்பது பதிலானால், அதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.