விளையாட்டு அரங்கம்: எதிராளியின் சுபாவம்

சதுரங்கமும் பூப்பந்தும் இவ்வரங்கத்தில் பலமுறை பேசப்பட்டுவிட்டன. கணிப்பொறித் திரையில் துப்பாக்கி ஏந்தி ஆடும் ஆட்டத்தைப் பற்றி மட்டும் நாம் இதுகாறும் வாய் திறக்கவில்லை. நம் சங்கத்து இல்லங்கள் பலவற்றில் கல்லூரி செல்லும் பிள்ளைகள் இரவு ஒன்பது மணிக்குமேல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, முகமறியாத நால்வருடன் சேர்ந்து வேறு ஐவரைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். தாய் உணவுக்கு அழைக்கிறாள், மகன் வரவில்லை, தந்தை சினங்கொண்டு மின்இணைப்பைத் துண்டிக்கிறார், வீட்டில் மூன்று நாள் பேச்சு நின்றுபோகிறது. ‘கண்டதைச் சுடுவதில் அறிவுக்கு என்ன வேலை?’ என்பதே பெரியோர் பலரின் வினா. அவ்வினாவுக்கு விடை கூறப் புகுவதே இக்கட்டுரை.

வீரனின் கண்வழியே களத்தைக் காணும் இவ்வகை ஆட்டங்களில் பலர் ஒருங்கே மோதும் வழக்கத்தை உலகறியச் செய்தது 1993-இல் வெளிவந்த ‘டூம்’. அதனை ஆக்கியோரே 1996-இல் ‘குவேக்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். 1997-இல் அமெரிக்காவில் அதற்கென ஒரு பெரும் போட்டி நடந்தது. ஆட்டத்தை ஆக்கியோருள் முதல்வரான ஜான் கார்மாக், தமது சொந்த ஃபெராரி மோட்டார் வண்டியையே பரிசாக வைத்தார். அட்லாண்டா நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் டென்னிஸ் ஃபாங் என்ற இருபது வயது இளைஞர் 14 புள்ளி பெற்றார். எதிர்த்தவர் பெற்றதோ பூஜ்யத்துக்கும் கீழே ஒன்று! தன் ஆயுதத்தால் தானே மடிந்தால் ஒரு புள்ளி கழியும் என்பது அவ்வாட்டத்தின் விதி.

இருவர் கைவேகத்திலும் அவ்வளவு பெரிய வேற்றுமை இருந்திருக்க இயலாது. வேற்றுமை வேறோரிடத்தில் இருந்தது. அவ்வாட்டத்தில் களத்தில் கிடக்கும் கவசத்தை ஒருவர் எடுத்துக்கொண்டால், இருபது விநாடி கழித்து அதே இடத்தில் மீண்டும் ஒரு கவசம் தோன்றும். அதை எடுக்கும் ஓசை சுவருக்கு அப்பாலும் கேட்கும். ஓசையைக் கேட்டு மனத்துள் விநாடிகளை எண்ணிக்கொண்டிருப்பவன், கவசம் மீண்டும் தோன்றும் கணத்தில் அங்கே நிற்பான். எண்ணாதவன் வெறுங்கையுடன் அங்கு ஓடி வருவான். பிறகு அவன் எங்கே ஓடுவான்? அடுத்த கவசம் எங்குள்ளதோ அங்கேதான். ஃபாங்குக்கு ஞானதிருஷ்டி உண்டென்று உடன் ஆடியவர்கள் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. எதிராளியின் தேவை யாதென்று அறிந்தவனுக்கு அவனது பாதையும் தெரிந்துவிடுகிறது. திருஷ்டிக்கு அங்கே வேலையில்லை.

இனி, நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆடும் ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’ ஆட்டத்துக்கு வருவோம். 1999-இல் வேறோர் ஆட்டத்தின்மேல் இருவர் கட்டிய மாற்றுருவாக இது பிறந்தது. 2023 செப்டம்பரில் இதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. ஒரு பக்கத்துக்கு ஐவர். ஒரு பக்கத்தார் ‘ஏ’, ‘பி’ என்னும் இரு தளங்களுள் ஒன்றில் வெடிகுண்டு வைக்கவேண்டும்; மறுபக்கத்தார் தடுக்கவேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து விநாடி. குண்டு வைக்கப்பட்டால் நாற்பது விநாடியில் வெடிக்கும். அதைச் செயலிழக்கச் செய்யப் பத்து விநாடி வேண்டும், அதற்குரிய கருவியை விலைகொடுத்து வாங்கியிருந்தால் ஐந்து. மடிந்தவன் அச்சுற்று முடியும்வரை திரும்ப வருவதில்லை. பன்னிரண்டு சுற்றுக்குப் பின் பக்கங்கள் மாறும். முதலில் பதின்மூன்று சுற்று வென்றவர் வெற்றி பெறுவர்.

நம் ஊர்த் திண்ணைகளில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் வரைந்து ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் ஒரே விதியால் ஆடுவதில்லை. புலிக்குத் தேவை ஓர் இடைவெளி. ஆட்டுக்குத் தேவை இடைவெளி இல்லாமை. இங்கும் அதுவே. தாக்குவோர் ஐவரும் ஒரே தளத்தில் பாயலாம். காப்போர் இரண்டு தளத்துக்கும் பிரிந்து நிற்கவேண்டியவர்கள். எனவே காப்போர்க்கு முதல் கேள்வி, ‘அவர்கள் எங்கே வருகிறார்கள்?’ என்பது. தாக்குவோர்க்கு முதல் வேலை, அக்கேள்விக்குப் பொய்யான விடையை அளிப்பது. ஒரு தளத்தருகே புகைக்குண்டு எறிவார்கள், கால்களை ஓசைபட வைப்பார்கள். காப்போன் ஒருவன் அங்கே பெயர்ந்ததும், மெல்ல நடந்து மறுதளம் புகுவார்கள். ஓடினால் காலடி கேட்கும், நடந்தால் கேட்காது என்ற ஒரு சிறு விதியிலிருந்து இவ்வளவு வஞ்சகமும் பிறக்கிறது!

எதிராளிகளுள் முந்திப் பாய்பவன் ஒருவன். அவனை முதல் சுற்றிலேயே கண்டுகொள்ளலாம். ஏனெனில் நீங்கள் ஆயத்தமாவதற்குமுன் அவன் உங்கள் எதிரில் நிற்பான். மூலையில் அசையாதிருப்பவனைவிட வெளியே பாய்பவன் எதிரியை இமைப்பொழுது முன்னதாகக் காண்கிறான். செய்தி கம்பிவழியே சென்று சேர எடுக்கும் நேரமே அதற்குக் காரணம். ஆகவே பாய்பவனை மூலையில் நின்று எதிர்நோக்குவது உத்தமமன்று. இருவர் சேர்ந்து நிற்கவேண்டும். முதல்வன் வீழ்ந்த மறுகணம் இரண்டாமவன் பாய்ந்தவனைப் பழிவாங்கவேண்டும். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். பாய்பவனுக்கு இது இரண்டு சுற்று நிகழ்ந்தால் மூன்றாவதில் தயங்குவான். தயங்கும்போது பாய்பவனைப்போல் பயனற்றவன் எவனும் இல்லை.

பதுங்கியிருப்பவன் வேறு சுபாவத்தான். இளைஞர்கள் அவனைக் கோழை என்று இகழ்கிறார்கள், அது அறியாமை. ஒரு தளத்தைத் தனியொருவனாகக் காப்பவன் பதுங்காமல் என் செய்வான்? அவனது பலவீனம் பழக்கம்தான். ஒருமுறை பலன் கண்ட மூலைக்கே திரும்பிச் செல்வது மனித இயல்பு. அங்கே ஒரு தீக்குண்டை எறிந்துவிட்டு வெளியேறும் வழியில் காத்திருந்தால் போதும்.

இவ்விருவரினும் அபாயமானவன் மூன்றாமவன். தன் கூட்டத்தார் ஒரு தளத்தில் ஆரவாரம் செய்கையில் தான் மட்டும் மறுபுறம் ஓசையின்றி ஊர்ந்து வருபவன். உதவிக்கு விரையும் காப்போரை முதுகில் சுடுவதே அவன் தொழில். அவனைக் கண்ணால் தேடிப் பயனில்லை, எண்ணிக்கையால் தேடவேண்டும். நால்வரைக் கண்டோம், ஐந்தாமவன் எங்கே? இவ்வொரு வினாவை விடாது கேட்பவன் உள்ள அணி எளிதில் தோற்பதில்லை.

தொலைநோக்கித் துப்பாக்கி ஏந்தியவனைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். ‘ஆப்’ எனப்படும் அத்துப்பாக்கி உடலில் ஒரே குண்டில் கொல்லும். விலையோ 4,750 டாலர். பழைய ‘டஸ்ட் 2’ களத்தில் நடுவே இரு கதவுகளுக்கு இடையே ஒரு கீற்று வெளி உண்டு. அவ்வழியே ஓடும் காப்போரை, சுற்று தொடங்கிய கணமே தாக்குவோன் தூரத்திலிருந்து சுடுவது பல்லாண்டு வழக்கமாக இருந்தது. இவனுக்கும் ஓர் இலக்கணம் உண்டு: அசையாது நிற்பான், நீண்ட பாதையை நோக்கியிருப்பான். எல்லோரும் அவ்வாறே எதிர்பார்க்கிறார்கள் என்பதை அறிந்தவன் பிரேசில் நாட்டு ‘கோல்ட்ஸேரா’. 2016-இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் நடந்த அரையிறுதியில், ‘மிராஜ்’ களத்தில் அவரது அணி தோல்வியின் விளிம்பில் நின்றது. எதிரணிக்கு இன்னும் ஒரு சுற்றே தேவை. ‘பி’ தளத்துள் பாய்ந்து வந்தோரை அவர் நின்று சுடவில்லை. எம்பிக் குதித்து அந்தரத்திலிருந்தே சுட்டார். நால்வர் அவர் கையால் வீழ்ந்தனர். அவ்வணி அந்த ஆட்டத்தையும் முடிவில் கோப்பையையும் வென்றது. ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் பின்னர் அந்த இடத்துச் சுவரில் ஒரு சித்திரம் பொறித்தது. குதித்துக்கொண்டு சுடுவது அனுபவசாலிகள் யாவரும் தவறு என்று விலக்கும் செயல். அதனாலேயே வந்தோர் அதற்கு ஆயத்தமாக இல்லை. ஆயினும் நம் தம்பிமார் இதனை நாள்தோறும் பயின்று பார்க்கவேண்டாம்!

பெற்றோர்க்கு மிகவும் விளங்கக்கூடிய பகுதி பொருளாதாரம். ஒவ்வொருவரும் 800 டாலருடன் தொடங்குகிறார்கள். வென்றால் வரும்படி அதிகம். தோற்றாலும் ஓர் உதவித்தொகை உண்டு, தொடர்ந்து தோற்கத் தோற்க அது உயர்ந்து 3,400 டாலர்வரை செல்லும். அதைக்கொண்டு துப்பாக்கி, கவசம், புகைக்குண்டு யாவும் வாங்கவேண்டும். மடிந்தால் வாங்கியவை போயின. உயிர் பிழைத்தால் அடுத்த சுற்றுக்கும் துப்பாக்கி கையில் இருக்கும். மாதக் கடைசியில் நடுத்தரக் குடும்பம் என்ன செய்கிறது? செலவை ஒத்திப்போட்டு, முதல் தேதிக்குக் காத்திருக்கிறது. நல்ல அணியும் அதையே செய்கிறது. ஐவரும் ஒரு சுற்றில் ஒன்றும் வாங்காது பொறுத்து, அடுத்த சுற்றில் ஒருசேர முழுமையாக வாங்குகிறார்கள். நால்வர் சேமிக்க ஒருவன் மட்டும் ஆசைப்பட்டு வாங்கினால், இரு சுற்றும் பாழ். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

இங்கேதான் எதிராளியின் சுபாவம் வெளிப்படையாகத் தெரிகிறது. பொறுமையற்றவன் தோற்றவுடன் கையிலுள்ள காசு முழுவதையும் இறைத்துவிடுவான். அவன் வறியவனாகிவிட்டான் என்பதைக் கணக்கிட்டவனுக்கு அடுத்த சுற்றின் உருவம் முன்கூட்டியே தெரியும்: கைத்துப்பாக்கியுடன் நெருக்கமான இடத்தில் கூட்டமாகப் பாய்வார்கள். அத்தகைய சுற்றில் நீண்ட பாதையில் தள்ளி நின்று சுடுவதே முறை. அருகே சென்று வீரங்காட்டி விலையுயர்ந்த துப்பாக்கியை அவர்களுக்குத் தானம் செய்வது மடமை. நால்வர் எதிரே தனித்து நிற்பவன் போரிடாமல் ஒளிந்துகொண்டு தன் துப்பாக்கியைக் காப்பாற்றுவதையும் பிள்ளைகள் ‘சேமித்தல்’ என்று பாராட்டுகிறார்கள். புறமுதுகு காட்டாமையைப் போற்றிய மரபில் வந்த நமக்கு இது சற்று உறுத்தத்தான் செய்கிறது.

உபாயத்துக்கும் எல்லை உண்டு. 2014-இல் சுவீடன் நாட்டின் யான்சோப்பிங் நகரில் நடந்த பெரும்போட்டியின் காலிறுதியில், ‘ஃப்னாட்டிக்’ என்ற அணி பெரும் பின்னடைவிலிருந்தது. அவ்வணியினர் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி, கண்ணுக்குப் புலப்படாத ஓர் இடத்தில் நின்று, களத்தின் பெரும்பகுதியை மேலிருந்து கண்டனர்; தொடர்ந்து சுற்றுகளை வென்று ஆட்டத்தையும் வென்றனர். எதிரணியான ‘எல்டிஎல்சி’ முறையிட்டது. அவ்விடம் ஆட்டத்தின் குறைபாட்டால் விளைந்தது என்று கண்டு, ஆட்டத்தை மீண்டும் நடத்த நடுவர்கள் ஆணையிட்டனர். ஃப்னாட்டிக் விலகிக்கொண்டது, எல்டிஎல்சி அப்போட்டியையே வென்றது. அவர்களது யுக்தி கெட்டிக்காரத்தனமா, ஏமாற்றா என்று ரசிகர்கள் பிணங்கினர். நம் கருத்தில் நடுவர் செய்ததே நேர்மை. எதிராளி எவ்வளவு சிந்தித்தாலும் விடைகாண இயலாத நிலையை யுக்தி என்பதற்கில்லை.

இனி வீட்டுச் சச்சரவுக்கு வருவோம். ஓர் ஆட்டம் முடிய முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். அதற்கு மேலும் ஆகலாம். தரவரிசை ஆட்டத்தை நடுவே விட்டு எழுந்தால் முதன்முறை அரை மணி தண்டனை. மேன்மேலும் செய்தால் ஏழு நாள்வரை ஆடத் தடை. இது சிறிது. ஐவரில் ஒருவன் நீங்கினால் எஞ்சிய நால்வரின் ஆட்டம் கெடுகிறது, அதுவே பெரிது. மகன் எழுந்து வராததற்குப் பெற்றோரை மதியாமை ஒன்றே காரணமென்று கொள்ளவேண்டா. நால்வருக்குத் தந்த சொல்லும் அதில் இருக்கிறது. ஆனால் அதே நியாயம் மகனுக்கும் பொருந்தும். ஒன்பது மணிக்கு உணவு என்பது தெரிந்தும் எட்டே முக்காலுக்கு ஆட்டம் தொடங்குபவன் இருபாலார்க்கும் சொல் தவறுகிறான். ‘இன்னும் எத்தனை ஆட்டம்?’ என்று முன்னரே கேட்பது, நடுவில் கதவைத் தட்டுவதினும் நன்று.

வயதைப் பற்றியும் ஒன்று. அமெரிக்கத் தரநிர்ணயப்படி இவ்வாட்டம் பதினேழு வயது நிரம்பியோர்க்கே உரியது. சிறு குழந்தைகளிடம் இதனைத் தரலாகாது. துப்பாக்கிக்கு வண்ணப்பூச்சு கிடைக்குமென்று காசுகொடுத்துத் திறக்கும் பெட்டிகள் லாட்டரிச் சீட்டுக்கு ஒப்பானவை. அவற்றுள் ஒரு காசும் செலவிடலாகாது என்று தொடக்கத்திலேயே கட்டளையிடுக.

தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகள், மராத்தியரும் பஞ்சாபியரும் வங்காளியரும் கலந்த அணிகளில் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசி ஆடுகிறார்கள். உச்சரிப்பைக் கேட்டு ‘மதராசி’ என்று ஏளனம் செய்வோரும் இடையிடையே வந்து சேர்கிறார்கள். அத்தகைய ஏளனமும் எதிராளியின் ஓர் ஆயுதமே. சினங்கொண்டவன் பாயக்கூடாத இடத்தில் பாய்கிறான். அவன் குரலைச் செவிக்கு எட்டாது அடைத்துவிட ஒரு பொத்தான் உண்டு. அதனை அழுத்துவதில் இழிவில்லை. தன் அணியாரிடம் பேசுகையிலோ, எங்கே கண்டான், எத்தனை பேர், எவ்வளவு காயம் என்ற மூன்றைமட்டும் கூறுதல் வேண்டும். தனித்து நிற்கும் கடைசி வீரனின் காதில் மடிந்த நால்வரும் ஒரே நேரத்தில் அறிவுரை கூறுவதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். இது எம்மொழியில் கூறினும் ஒன்றே.

ஆட்டம் முடிந்தபின் அதன் பதிவைத் திரும்பக் காணலாம். விரும்பினால் எதிராளியின் கண்வழியாகவும் காணலாம். தாம் பதுங்கியிருந்த மூலை அவனுக்கு எவ்வாறு தெரிந்தது என்பதை அப்போது அறியலாம். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு பதிவை மகனுடன் அமர்ந்து பார்க்கும் தந்தை, ‘ஐந்தாமவன் எங்கே?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

அடுத்த இதழில் கேரம் பலகை.