சேறும் பனியும் ஒண்ணுதான்!

காரங்காட்டு அலையாத்திச் சேற்றில் கால் வெச்சிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? உங்க பலத்தைச் சேறு மதிக்காது; பிடிமானம்தான் முக்கியம். டொரான்டோ பனியும் அப்படித்தான்!

மேல்படிப்புக்குப் போன இடத்தில், பழைய புல்வெட்டும் டிராக்டரில் பனி தள்ளச் சொன்னால்? முன்னால் தள்ளுபலகை மாட்டினால் மட்டும் போதாது. புல்லைக் கெடுக்காத டயர் அது. பட்டன் ஆழமிருக்காது, வழுக்கும். பின்சக்கரத்துக்குச் சங்கிலி சுத்துங்க, பின்னால் பாரம் ஏத்துங்க. குளிரில் கெட்டியாகாத ஆயில் ஊத்துங்க.

பனி வீசும் மெஷின் மாட்டியிருந்தால் இன்னும் உஷார். வாயில் பனி அடைச்சுக்கிட்டா கையை விடவே விடாதீங்க. எஞ்சினை நிறுத்தின பிறகும், அடைப்பு விலகினதும் கத்தி சட்டென்று சுத்தும். நிறுத்திட்டு, குச்சியால் குத்துங்க.

வேலை நாளைக்கும் கிடைக்கும். விரல்?