தோலுக்கு ஊர் கேட்கும் சட்டம் ஷூவுக்கு ஏன் கேட்கவில்லை? – கண்டன அறிக்கை

ஆம்பூர், ஜனவரி 2026

காட்டை அழித்து உண்டாக்கிய பொருளைத் தங்கள் சந்தைக்குள் விடமாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2024 கடைசியில் அமலுக்கு வந்திருக்க வேண்டிய கடமைகளை ஓராண்டு தள்ளிவைத்தார்கள். 2025 டிசம்பரில் இன்னும் ஓராண்டு. இப்போதைய நிலவரப்படி பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சிறு, குறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30. இந்தத் தள்ளிவைப்பை எங்கள் பக்கத்தில் சிலர் நல்ல சேதியாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பாலாற்றுப் படுகையின் விவசாயிகளும் தோல் ஷாப் எனப்படும் பதனிடும் ஆலைகள், ஷூ கம்பெனிகளின் தொழிலாளர்களும் சேர்ந்த எங்கள் சங்கம் இதை நல்ல சேதியாக எண்ணவில்லை. தள்ளிவைத்ததையும், சட்டத்துக்குள் ஆரம்பத்திலிருந்தே விடப்பட்டிருக்கும் ஓட்டையையும், அந்த ஓட்டையைப் பற்றி வாய் திறக்காமல் "வர்த்தகத் தடை" என்று மட்டும் முறையிடும் ஒன்றிய அரசின் போக்கையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஓட்டை என்ன என்பதை விளக்கிவிடுகிறோம். ஏனென்றால் அது எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது.

சட்டம் ஏழு சரக்குகளைப் பிடித்திருக்கிறது: மாடு, கோகோ, காப்பி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம். மாடு என்றால் இறைச்சி மட்டுமல்ல, தோலும் சேர்ந்தது. பச்சைத் தோல், பதனிட்ட தோல், முடித்த தோல் மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்தில் அந்த மாடு மேயவில்லை என்பதற்கு நிலத்தின் புவியிருப்பிட விவரத்தோடு கணக்குக் காட்ட வேண்டும். நியாயமான கேள்விதான். அமேசான் காடு அழிவதற்கு மாட்டுப் பண்ணைகளே முதற்காரணம் என்பது ஊரறிந்த செய்தி.

ஆனால் பட்டியலில் ஷூ இல்லை. செருப்பு இல்லை. தோல் பையும் இல்லை. அதாவது, எந்தக் காட்டை எரித்த புல்வெளியில் மேய்ந்த மாடாக இருந்தாலும் சரி, அதன் தோல் தோலாகவே ஐரோப்பாவுக்குப் போனால் ஊர் பேர் கேட்பார்கள். அதே தோல் ஆம்பூரில் வெட்டித் தைத்து ஷூவாகப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். கேள்வி எங்கள் தையல் மிஷினுக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது.

இது வெறும் கற்பனை என்று சொல்ல முடியாது. குரோம் ஏற்றி ஈரம் காயாமல் நீல நிறத்தில் விற்கப்படும் வெட் புளூ தோலுக்கு இருந்த இறக்குமதி வரியை 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ஒன்றிய அரசு முழுக்க நீக்கியது. மூலப்பொருள் கிடைக்கட்டும், வேலைவாய்ப்பு பெருகட்டும் என்று காரணம் சொன்னார்கள். வேலைவாய்ப்பை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் வரியை எடுத்தபோது, "இந்தத் தோல் எந்த நாட்டில், எந்த மாதிரி நிலத்தில் மேய்ந்த மாட்டினுடையது?" என்ற ஒற்றைக் கேள்வியையாவது இறக்குமதிப் படிவத்தில் சேர்த்திருக்கலாமே. சேர்க்கவில்லை. வரியில்லாமல் உள்ளே வரலாம், கேள்வியில்லாமல் ஷூவாக வெளியே போகலாம். நடுவில் இருக்கும் எங்கள் ஊர், தோலின் பிறப்பை மறைக்கும் இடமாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது.

இன்னொரு அநியாயமும் இதில் உண்டு. முடித்த தோலை நேரடியாக ஏற்றுமதி செய்யும் சிறிய தோல் ஷாப்காரர் ஒவ்வொரு கட்டுக்கும் காகிதம் தேட வேண்டும். ஷூவாக ஏற்றுமதி செய்யும் பெரிய கம்பெனிக்கு அந்தத் தொல்லை இல்லை. காட்டைக் காக்கும் சட்டம் சிறியவனின் கழுத்தைப் பிடித்துப் பெரியவனைக் கைகுலுக்கி அனுப்பினால், அந்தச் சட்டத்தின் மேல் எங்கள் மக்களுக்கு எப்படி மதிப்பு வரும்?

ஐரோப்பியத் தோல் பதனிடுவோரின் கூட்டமைப்பே தோலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டு வருகிறது. தோல் இறைச்சித் தொழிலின் மிச்சம், தோலுக்காக யாரும் மாடு வளர்ப்பதில்லை என்பது அவர்கள் வாதம். வாதத்தில் உண்மை இருக்கிறது. எங்கள் நாட்டில் அது இன்னும் பொருந்தும். இங்கே மாடு வைக்கோலையும் வரப்புப் புல்லையும் தின்று வளர்கிறது, காட்டை வெட்டிப் பண்ணை போடும் பழக்கம் நம் விவசாயிகளுக்கு இல்லை. 2025 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட பட்டியலிலும் இந்தியா குறைந்த ஆபத்துள்ள நாடாகவே இருக்கிறது. அப்படியானால் நம் நாட்டுத் தோலுக்குக் கணக்குக் காட்ட நமக்கு என்ன பயம்? ஒளிக்க ஒன்றுமில்லாதவர்கள் ஒளிப்பவர்களோடு ஒரே வரிசையில் நின்று விலக்கு கேட்பது எங்களுக்குப் புரியவில்லை. "மிச்சம்தானே" என்ற சொல்லும் எங்கள் காதுக்குப் புதிதல்ல. பாலாற்றில் விட்ட தோல் கழிவுநீரையும் ஒரு காலத்தில் மிச்சம் என்றுதான் சொன்னார்கள்.

அந்த மிச்சத்தின் கதையைச் சுருக்கமாகவாவது சொல்லாமல் இந்த அறிக்கை முழுமையாகாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பதும் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உறுதிசெய்தது இந்த மண்ணின் வழக்கு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். அதன்பின் அமைந்த ஆணையம் 2001-ல் ஈட்டுத் தொகையை நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30 அன்று, நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, மீதமுள்ளவர்களுக்கு ஆறு வாரத்தில் பணத்தைக் கொடுங்கள், அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலியுங்கள் என்று மாநில அரசுக்கு மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. 24 ஆண்டுகள்! நிர்ணயித்த காலத்தில் பிறந்த பிள்ளைகள் இன்று வேனில் ஏறி ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள். தள்ளிவைப்பது என்றால் என்ன என்று பிரஸ்ஸல்ஸிலிருந்து எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

காட்டுக்கும் எங்கள் தொழிலுக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தத் தொழில் பிறந்ததே புதர்க்காட்டில்தான். கிழக்கிந்தியத் தோல் என்று லண்டன் சந்தை மதித்து வாங்கிய தோலெல்லாம் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறியவை. ஆவாரையை வெட்டிப் பட்டை உரித்தாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வளங்குன்றா வனமேலாண்மை என்று இன்று கருத்தரங்கு நடத்திப் பேசுவதை, பட்டை உரித்து விற்ற பெண்கள் அரிவாளோடு செய்துகொண்டிருந்தார்கள். பட்டை போதாதென்று பின்னாளில் நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டில் எனப்படும் சீகை மரத்தைத் தோட்டமாக வளர்த்தார்கள். அது புல்வெளிகளை விழுங்கியது. இன்று அதை அகற்ற அரசு செலவழிக்கிறது. மரம் நட்டால் காடாகிவிடும் என்ற நினைப்புக்கு எங்கள் தொழிலே ஒரு கசப்பான சாட்சி.

1970-களில் அரசு பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முடித்த தோலை ஊக்குவித்தபோது குரோம் பதனிடுதல் முழுவீச்சில் வந்தது. ஆவாரை தேவையற்றுப் போனது. தேவையற்றுப் போனதும் கணக்கிலிருந்தும் போய்விட்டது. இன்றைய அரசுக் கணக்கில் ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 சதவீத நிழலும் இருந்தால் அது காட்டுப் பரப்பு; தைலமரத் தோட்டமும் தோப்பும் அதில் சேரும். அவ்வளவு நிழல் தராத ஆவாரைப் புதர் சேராது. 2023-ல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது ஆவணத்தில் காடு என்று பதிவாகாத நிலங்களின் பாதுகாப்பு கேள்விக்குறியானது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு, காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்று சொன்னதால் இப்போதைக்குத் தப்பித்திருக்கிறோம். ஒரு சொல்லின் பொருளில் தொங்கிக்கொண்டிருக்கிறது எங்கள் மேய்ச்சல் நிலம்.

ஜவ்வாது மலையின் நிலைமையையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். சந்தனத்துக்குப் பேர்போன மலை. திருப்பத்தூரில் சந்தனக் கிடங்கு இருப்பது அதனால்தான். மலையில் பிழைப்பு வற்றியதும் அந்த மக்கள் கூலிக்குச் செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்குப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் கப்பலேறிக் கடல்கடந்து போகிறது. வெட்டியவன் பிணமாக ஊர் திரும்புகிறான். பொருளின் பிறப்பிடத்தைக் கேட்காத எந்த வணிகத்திலும் இதுதான் நடக்கும் என்பதால்தான் ஷூவுக்கும் கேள்வி வேண்டும் என்கிறோம்.

எங்களைத் தொழிலுக்கு எதிரிகள் என்று சித்திரிக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மேல் 50 சதவீத வரி போட்டபோது முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டவர்கள் எங்கள் உறுப்பினர்கள். காலையில் வேன் வராத தெரு எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். தொழில் நிலைக்க வேண்டும் என்பதால்தான் பேசுகிறோம். இன்று ஓட்டை வழியாகப் போகும் ஷூவை நாளை வேறொரு சட்டம் மொத்தமாக நிறுத்தும். அன்று கணக்கு எழுதி வைக்காத ஊர்தான் முதலில் அடிபடும்.

எனவே ஒன்றிய அரசு இறக்குமதியாகும் ஒவ்வொரு தோலுக்கும் அது பிறந்த நாடு, பண்ணை பற்றிய சான்றைக் கட்டாயமாக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திடம் விலக்கு கேட்பதை நிறுத்திவிட்டு, ஷூவையும் பையையும் பட்டியலில் சேர்க்கும்படியும், சான்று தேடும் செலவில் பெரும்பங்கை ஐரோப்பிய வியாபாரிகளே ஏற்கும்படியும் கேட்க வேண்டும். மாநில அரசு, 33 சதவீதப் பசுமைப் பரப்பு என்று 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தில் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் புறம்போக்கு நிலங்களில் ஆவாரையை மீட்டெடுப்பதையும் சேர்த்து, பட்டை எடுக்கும் உரிமையைக் கிராம மக்களுக்கே தர வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற கிழக்கிந்தியத் தோலுக்குப் பட்டை இல்லாமல் எதிர்காலம் இல்லை. கழிவுநீரை வற்றவைக்கும் கொதிகலன்களுக்கு எரிக்கும் விறகு எந்த நிலத்தில் வெட்டியது என்ற பதிவேடு வைக்கப்பட வேண்டும். ஆற்றைக் காக்கும் பெயரில் மரம் கரைவதை நாங்கள் ஏற்கவில்லை. பாலாற்று ஈட்டுத் தொகையில் யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, யாரிடம் வசூலிக்கப்பட்டது என்ற பட்டியலை ஊராட்சி வாரியாக ஒட்ட வேண்டும்.

இந்த அறிக்கை மூன்று மாவட்ட ஆட்சியர்களுக்கும், ஒன்றிய வர்த்தக அமைச்சகத்துக்கும், புது டெல்லியில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத் தூதுக்குழு அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பப்படுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பகுதிகளில் கம்பெனி வாசல்களில் ஷிப்ட் மாறும் நேரத்தில் உறுப்பினர்கள் இதன் அச்சுப் பிரதியைக் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழுவினர்