உண்ணிக் காய்ச்சலுக்கு எந்த ஊசி?

நாயின் சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகும் பபேசியா கிப்சோனி என்ற ஓரணு ஒட்டுண்ணி முதலில் அடையாளம் காணப்பட்டது சென்னையில்தான். மெட்ராஸ் ஹன்ட் என்ற வேட்டைக் குழு வளர்த்த நாய்களின் ரத்தத்தில் இதைக் கண்டு, 1910-இல் டபிள்யூ. எஸ். பேட்டன் விவரித்தார். பின்னர் நரியின் ரத்தத்திலும் அது கண்டறியப்பட்டது. நூறாண்டு கடந்தும், நாய்க்கு வரும் ஓரணு நோய்களில் மருந்துக்கு எளிதில் மசியாத ஒன்றாகவே இது நீடிக்கிறது.

உண்ணி கடித்துப் பரவுவது ஒரு வழி. நாய்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும்போதும், ரத்தம் ஏற்றும்போதும், தாயிடமிருந்து குட்டிக்கும் தொற்றலாம். காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுப்பது, சிறுநீர் கறுத்துப்போவது ஆகியவை அறிகுறிகள். நாய் வளர்ப்போர் இதையெல்லாம் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று ஒரே பெயரில் சொல்வார்கள். குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். உண்ணியால் வரும் எர்லிக்கியா ஒரு பாக்டீரியா, அது டாக்ஸிசைக்ளினுக்குக் கட்டுப்படும். பபேசியா கட்டுப்படாது. இரண்டும் ஒரே நாயிடம் சேர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் போடும் ஊசி பெரும்பாலும் ஊகம்தான். காது நுனியில் எடுத்த ஒரு துளி ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தாலே பல நேரம் விடை கிடைக்கும். கிருமி மிகக் குறைவாக இருந்தால் பிசிஆர் என்ற மரபணுப் பரிசோதனை தேவைப்படும்.

பபேசியாவிலும் பெரியது, சிறியது என்ற பிரிவு மருந்தைத் தீர்மானிக்கிறது. பெரிய வகையான வோகேலிக்கு இமிடோகார்ப் ஊசி இரண்டு வார இடைவெளியில் இருமுறை போடப்படுகிறது. ஊசி போட்டதும் எச்சில் ஒழுகுவது, வாந்தி, பேதி வரலாம் என்பதால் முன்கூட்டியே அட்ரோபின் கொடுப்பது வழக்கம். மாடுகளுக்கும் பயன்படும் டைமினசீன் இன்னொரு மருந்து. அதில் குணம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. அளவு மீறினால் மூளை பாதிக்கப்பட்டு நாய் தள்ளாடும். எடை பார்க்காமல் கைக்கணக்கில் போடக்கூடிய மருந்தல்ல அது.

சிறிய வகையான கிப்சோனியை இந்த இரண்டு ஊசிகளும் முழுதாக ஒழிப்பதில்லை. அதற்கு அடோவாகோன் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் அசித்ரோமைசின் நாளுக்கு ஒரு முறையும், பத்து நாள் தொடர்ந்து கொடுக்கப்படுகின்றன. கொழுப்புள்ள உணவோடு தந்தால்தான் அடோவாகோன் உடலில் சேரும். விலை அதிகம். கிருமியின் ஒரு மரபணுவில் சிறு மாற்றம் நேர்ந்தாலே மருந்து பலிக்காமல் போகும். நாய் தேறிவிட்டது என்பதால் கிருமி போய்விட்டதாகக் கொள்ள முடியாது; அதனால் சிகிச்சை முடிந்து 60, 90 நாள்கள் கழித்து மறுபடி பிசிஆர் பார்க்கப் பரிந்துரைக்கிறார்கள். மண்ணீரலை அகற்றினாலோ ஸ்டீராய்டு கொடுத்தாலோ மறைந்திருந்த கிருமி தலைதூக்கலாம்.

நாயைத் தாக்கும் இன்னொரு ஓரணு ஒட்டுண்ணியான, குடலில் வாழும் ஜியார்டியா இவ்வளவு கொடியதல்ல. சளி கலந்த, நாற்றமடிக்கும் பேதிதான் பெரும்பாலும் அடையாளம். வழக்கமான பூச்சி மருந்துகளில் ஒன்றான ஃபென்பெண்டசோல், ஓரணு உயிரியான இதன்மீதும் வேலை செய்வது ஒரு விதிவிலக்கு. மூன்று முதல் ஐந்து நாள் தர வேண்டும். மெட்ரோநிடசோலும் பயன்படுகிறது, அளவு கூடினால் கண்மணி துடிப்பதும் நடை தள்ளாடுவதும் தோன்றி, மருந்தை நிறுத்தியபின் மெல்ல மறையும். சிகிச்சையின் கடைசி நாளில் நாயைக் குளிப்பாட்டாவிட்டால், ரோமத்தில் ஒட்டிய கிருமிக்கூடுகளை நக்கி மீண்டும் தொற்றிக்கொள்ளும்.

பூனைக்கு மருந்து கொடுப்பது தனிப் பாடு. மெட்ரோநிடசோலின் கசப்புக்கு வாயில் நுரை தள்ளும். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஓரணு ஒட்டுண்ணி நோயாக வெளிப்பட்ட பூனைக்குக் கிளிண்டாமைசின் சுமார் நான்கு வாரம் தர நேரிடும். மாத்திரையை வெறுமனே விழுங்கவைத்தால் உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். விழுங்கிய கையோடு சில மில்லி தண்ணீரோ ஒரு வாய் உணவோ கொடுக்க வேண்டும்.