பேக்ரெஸ்ட் மீது வீண்பழி

"ஓட்டுபவருக்கு பேக்ரெஸ்ட் வைத்தால் தூக்கம் வரும், பழகிய முதுகுக்கு அது தேவையே இல்லை." நெடும்பயண பைக்காரர்களிடையே இது வேதவாக்காகிவிட்டது.

முதலில், தூக்கத்தை வரவழைப்பது களைப்பு. சாய்மானம்தான் காரணமென்றால், லாரி ஓட்டுநரின் இருக்கையிலிருந்தும் அதைக் கழற்றிவிடலாமா?

இரண்டாவது, எந்த பைக்? முன்குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்கில் பேக்ரெஸ்ட் வீண்தான். ஆனால் 1975இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா கோல்டு விங் போன்றவற்றில் நிமிர்ந்து உட்கார வேண்டும். உடல் எடை முழுக்க இடுப்பில் இறங்கும். 24 மணி நேரத்தில் 1,000 மைல் ஓட்டும் அயர்ன் பட் சவாலில் அந்த இடுப்புக்குத் தாங்கல் கொடுப்பது பலவீனமா?

கோளாறு பெரும்பாலும் பொருத்துவதில்தான். மெத்தை தோள்பட்டையில் அல்ல, கீழ்முதுகின் உள்வளைவில் பதிய வேண்டும். அதிகம் பின்தள்ளினால், ஹேண்டில்பாரை முழுதாகத் திருப்பும்போது வெளிப்பக்கக் கை எட்டாது. ஜாக்கெட் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள்.